பொம்மை ரயில் ஜேம்ஸுக்கு டெண்டர் (கரி வண்டி) இல்லை என்று ரிவ்யூவில் ஒருத்தர்கூட எழுத மாட்டீர்களா?

நேற்று சாயங்காலம் பார்சல் வந்தது. ‘தாமஸ் அண்ட் ஃபிரண்ட்ஸ்’ என்ற குழந்தைகள் டிவி தொடரில் வரும் சிவப்பு ரயில் எஞ்சின் ஜேம்ஸ். இரண்டு மாதமாகத் தேடிய மாடல். லீவுக்கு உசிலம்பட்டியிலிருந்து வந்திருக்கும் அக்கா மகனிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். எடுத்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மாமா, கரி வண்டி எங்க?”

காணோம். தாமஸ் டேங்க் எஞ்சின், கரியையும் தண்ணீரையும் தன்மேலேயே சுமக்கும். ஜேம்ஸுக்குப் பின்னால் அதற்கென்று தனி வண்டி, டெண்டர், வேண்டும். அவனுடைய 5 என்ற எண்ணே அதில்தான் இருக்கிறது. விற்பனைப் பக்கத்துப் படத்தில் இருந்தது, பெட்டியில் இல்லை. ஏழு வயசுப் பையன் பார்த்த மாத்திரத்தில் கேட்டதை, ரிவ்யூ எழுதிய அத்தனை பெரியவர்களில் ஒருத்தரும் எழுதவில்லை!

வயிற்றெரிச்சலோடு எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். ‘பேக்கிங் சூப்பர்.’ ‘சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துருச்சு.’ ‘இன்னும் பிரிக்கவில்லை, பிறந்தநாளுக்குத் தரப்போகிறேன்’ - அதற்கும் ஐந்து நட்சத்திரம். பிரிக்காத பெட்டிக்கு எதற்கய்யா நட்சத்திரம்? வீடியோ போடுகிறவர்களும் அப்படித்தான். பன்னிரண்டு நிமிஷத்தில் அட்டைப்பெட்டிக்கே எட்டு நிமிஷம். தண்டவாளத்தில் வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட மனசு வரவில்லை. ஜேம்ஸுக்கு முன்னால் இரண்டு சின்னச் சக்கரம் உண்டு. வளைவில் அது தடம் புரளுமா என்பதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்?

1984-ல் பிரிட்டனில் இந்தத் தொடர் தொடங்கியபோது மாடல் ரயில்களை ஓட்டித்தான் படம் பிடித்தார்கள். மாடல்தான் அங்கே நடிகன். அதை அலமாரியில் வைத்துக் கலரை மட்டும் புகழ்ந்தால் எனக்குப் பொறுக்காது.

அப்புறம் ட்ராக். மர ரயிலுக்கு மரப்பாதை, காந்தக் கொக்கி. பேட்டரியில் ஓடுவதற்கு பிளாஸ்டிக் பாதை. ஓஓ (OO) என்ற அளவில் செய்த மின்சார மாடலுக்கு 16.5 மில்லிமீட்டர் இடைவெளியில் மின்சாரம் பாயும் தண்டவாளம். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஓடாது. இதை ஒரு வரியில் சொல்ல என்ன கஷ்டம்? கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி, மாறினால் என்ன பாடு என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர் யார்? உசிலம்பட்டி வழியாகப் போகும் மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடினார்கள். அகலப்பாதையில் தேனிக்கு ரயில் வர 2022, போடிக்கு வர 2023. அவ்வளவு வருஷமும் உசிலம்பட்டிக்காரர்கள் பஸ்ஸில்தான் நசுங்கினார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கும் அதே கதி வேண்டுமா?

இன்று காலை விற்றவரிடமிருந்து போன். டெண்டர் அனுப்புவார் என்று நினைத்தேன். “சார், அஞ்சு ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, நூறு ரூபா போட்டுவிடுறோம்” என்கிறார். அப்போதுதான் புரிந்தது, அந்த ‘சூப்பர்’ எல்லாம் எங்கிருந்து முளைத்தது என்று. நூறு ரூபாய்க்கு வாயை மூடிக்கொண்டவர்களே, அடுத்து வாங்குகிறவனும் ஒரு பிள்ளையின் கையில்தானே அந்தப் பெட்டியைக் கொடுப்பான்?

நான் ஒரு நட்சத்திரம் போட்டேன். ஜேம்ஸைக் கவிழ்த்து வைத்து, சக்கரமும் பின்கொக்கியும் தெரிகிற மாதிரி படம் எடுத்து ஏற்றியிருக்கிறேன். கீழே இரண்டே வரி: ‘எஞ்சின் ஓடுகிறது. டெண்டர் வராது.’