கம்பம் இஞ்சை, பஸ் அங்கை

போட்டுது. பார்த்துக்கொண்டு நிக்க நிக்கப் போட்டுது. அந்த அறுவான் சாரதி கண்ணாடிக்குள்ளாலை என்னை வடிவாப் பார்த்திட்டுத்தான் போனவன். அடுத்த பஸ் பின்னேரம். இப்ப மத்தியானம் பன்னிரண்டரை. மனுசி மதிலிலை இருந்து ஒண்டும் கதைக்காமல் தண்ணிப் போத்தலைத் திறக்கிறா. பஸ் போனதைவிட அந்தக் கதையாமைதான் கொடுமை.

இடம் தூர்-த-ஃபோர். காவோரிலை இருந்து ஃபிஜாக்குக்கு லோத் ஆற்றங்கரையாலை போற றோட்டு. முந்தி இந்த ஆற்றோரம் ரயில் ஓடினது, அதை நிப்பாட்டிப்போட்டு பஸ் விட்டிருக்கினம். மேலை மலை விளிம்பிலை சேன்-சிர்க்-லப்போப்பி. 2012இலை பிரெஞ்சுச் சனம் தங்களுக்குப் பிடிச்ச கிராமம் எண்டு வாக்குப் போட்டுத் தெரிஞ்செடுத்த ஊர். அவ்வளவு பிடிச்ச ஊருக்கு நாங்கள் வந்த பஸ் மேலை ஏறாது. கீழை இறக்கிவிடும், பாலத்தைத் தாண்டி வெயிலுக்குள்ளை ஏறுறது உங்கடை பாடு. ஏறினம். ஊர் வடிவுதான், அதிலை குறை சொல்ல ஒண்டும் இல்லை. சர்ரியலிசம் எண்ட, கனவு மாதிரிப் படைக்கிற கலை இயக்கத்தை உண்டாக்கின அந்திரே பிரெத்தோன் இந்த ஊரிலை வீடு வாங்கினவராம். ஏனெண்டு இப்ப விளங்குது. மனுசன் பஸ் நேர அட்டவணையை வாசிச்சிருப்பார்.

சரி, கம்பத்துக்கு வாறன். பஸ் தரிப்புக் கம்பம் றோட்டுக்கு ஒரு பக்கத்திலைதான் இருக்கு. ஒரேயொரு கம்பம். காவோர் போற நேரமும் அதிலைதான் ஒட்டியிருக்கு, ஃபிஜாக் போற நேரமும் அதிலைதான் ஒட்டியிருக்கு. அப்ப புத்தியுள்ள மனிசன் எங்கை நிப்பான்? கம்பத்தடியிலை. நான் கம்பத்தடியிலை நிண்டன். அரை மணித்தியாலம் முன்னமே வந்து நிண்டன். மனுசி கேட்டா, "இஞ்சையப்பா, காவோர் அந்தப் பக்கமெல்லே, பஸ் எதிர்ப்பக்கத்தாலை வராதோ?" எண்டு. நான் சொன்னன், "கம்பம் இஞ்சை இருக்கேக்கை அவன் எப்பிடி அங்காலை நிப்பாட்டுவான், திரும்பி வந்துதான் ஏத்துவான்" எண்டு. இதிலை என்ன பிழை? சொல்லுங்கோ பாப்பம், என்ன பிழை?

வளைவிலை பஸ்ஸின்ரை மூஞ்சி தெரிஞ்சுது. எதிர்ப்பக்கம். நான் கையைக் காட்டினன். சாரதியும் கையைக் காட்டினான். அப்பாடா, கண்டிட்டான், நிப்பாட்டப் போறான் எண்டு நான் குனிஞ்சு பையைத் தூக்குறன். அவன் நிப்பாட்டக் கை காட்டேல்லை. எனக்கு வணக்கம் சொன்னவன்! நல்லாப் பழக்கிவிட்டிருக்கினம், மரியாதையிலை ஒரு குறையும் இல்லை. நான் றோட்டைக் கடக்கக் காலை வைக்க, ஒரு கேம்பிங் வான். ஒல்லாந்து நம்பர் பிளேற். அது போகுது, போகுது, போய்க்கொண்டே இருக்குது. பின்னாலை சைக்கிள் ரண்டு கட்டியிருக்கு. அதுக்குப் பின்னாலை இன்னொரு கேம்பிங் வான், அதுவும் ஒல்லாந்து. அவை போய் முடிய நான் எதிர்ப்பக்கம் பாய்ஞ்சன். பஸ்ஸின்ரை பின்கண்ணாடியிலை ஒரு பெடியன் முழங்காலிலை இருந்து என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான். அவன் ஒருத்தன்தான் நேர்மையா நடந்துகொண்டவன்.

பலகையிலை இருந்த நம்பருக்கு அடிச்சன். ஒண்டை அமத்து, மூண்டை அமத்து எண்டு இழுத்து, கடைசியிலை ஒரு பிள்ளை வந்தா. "மெசியே, நீங்கள் எதிர்ப்பக்கம் நிண்டிருக்க வேணும்."

"அது எங்கை எழுதியிருக்கு?"

"எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்."

ஆருக்கு அம்மா தெரியும்? அந்த ஊரிலை பஸ் எடுக்கிற எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளையள். அவையளுக்குத் தெரியும்தான்! உந்த பஸ் எல்லாம் அவையளுக்காகத்தான் ஓடுது. நேர அட்டவணையைப் பார்த்தனீங்களெண்டால் விளங்கும். ஒரு நேரத்துக்குப் பக்கத்திலை பள்ளி நாளிலை மட்டும் எண்டு இருக்கும், மற்றதிலை பள்ளி லீவிலை மட்டும் எண்டு இருக்கும். புதன்கிழமைக்குத் தனி நேரம், ஏனெண்டால் புதன் மத்தியானத்தோடை பள்ளிக்கூடம் விட்டிடும். ஞாயிறும் லீவுநாளும் கனக்க இடத்திலை வெறும் கோடு. சரி, பள்ளி லீவு எப்ப? அதுவும் நாட்டை A, B, C எண்டு மூண்டு வலயமாப் பிரிச்சு வச்சிருக்கினம். லோத் மாவட்டம் துலூஸ் பக்கம், C. பக்கத்து தோர்தோன்யு போர்தோ பக்கம், A. இஞ்சை சுயாக்கிலை பிள்ளையளுக்கு லீவு, முப்பது கிலோமீற்றர் அளவிலை இருக்கிற சார்லாவிலை பிள்ளையள் வகுப்பிலை. இடையிலை மாகாண எல்லை வேறை, ஒக்சித்தானி முடிஞ்சு நூவெல் அக்கித்தேன் தொடங்குது. ரண்டு பக்கத்து அட்டவணையையும் பக்கத்திலை பக்கத்திலை வச்சு இணைப்பு பஸ் கண்டுபிடிக்கிறவனுக்கு சோர்போனிலை கலாநிதிப் பட்டம் குடுக்கவேணும்.

ரக்சிக்கு அடிக்கச் சொல்லுவியள். அடிச்சன். கிராமத்து ரக்சிக்காரர் எல்லாரும் காலமை துவக்கம் நோயாளியளை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கினபடி. காசு கட்டுறது மருத்துவக் காப்புறுதி. டயாலிசிஸுக்குப் போற மனிசனை இறக்கிப்போட்டு என்னை ஏத்து எண்டு நான் கேக்கேலுமோ? கூப்பிட்டால் வாற பஸ் எண்டு ஒண்டு இருக்கு. அதுக்கு முதல்நாளே சொல்லிவைக்கவேணும். நாளைக்கு எனக்கு பஸ் தவறப்போகுது எண்டு நேற்றே நான் சாத்திரம் பாத்திருக்கவேணும்.

மலைச்சரிவிலை இருக்கிற யாத்திரை ஊர் ரொக்கமதூரைச் சொல்லாமல் விடேலாது. ப்ரீவிலை இருந்து போற ரயிலிலை ரொக்கமதூர்-பதிராக் எண்டு ஒரு ஸ்ரேசன். பேரைப் பாத்தால் ஒரு கால் ரொக்கமதூரிலையும் மற்றக் கால் பதிராக் குகையிலையும் வச்சு இறங்கலாம் போலை இருக்கும். இறங்கிப் பாத்தால் ரொக்கமதூர் நாலு கிலோமீற்றர், பதிராக் பத்துக்கும் மேலை. ஸ்ரேசனிலை ஒரு குருவியும் இல்லை. 1889இலை எத்துவார்-அல்ஃபிரெத் மார்த்தேல் அந்தப் பதிராக் பாதாளக் குழிக்குள்ளை இறங்கினவர் எண்டு பெருமையாச் சொல்லுறாங்கள். பூமிக்குக் கீழை 103 மீற்றரிலை இப்ப படகுச் சவாரி ஒழுங்காக் குறித்த நேரத்துக்கு நடக்குது. பூமிக்கு மேலைதான் போக்குவரத்து இல்லை. ரொக்கமதூரிலை 216 படியையும் பழைய காலத்துச் சனம் முழங்காலாலை ஏறினதாம். இப்ப நான் நினைக்கிறன், அவையளும் ஸ்ரேசனிலை இருந்து நடந்து வந்து கால் விட்டுப்போய்த்தான் முழங்காலுக்கு மாறினவையோ தெரியாது.

இதுக்குள்ளை சுற்றுலா அலுவலகத்துப் பிள்ளையளின்ரை புன்சிரிப்பு. எங்கை போகக் கேட்டாலும் "கார்லை கால் மணித்தியாலம்தான்." கார் இல்லை எண்டு சொன்னால் முகம் மாறும். குடும்பத்திலை ஆரோ செத்ததைச் சொன்ன மாதிரி ஒரு இரக்கம்.

2022 துவக்கம் இந்த நாட்டிலை ஒவ்வொரு கார் விளம்பரத்திலையும் எச்சரிக்கை போடவேணும் எண்டு சட்டம். அதிலை ஒண்டு, "அன்றாடம் பொதுப்போக்குவரத்தைப் பயன்படுத்துங்கள்." ஐயா, கையெழுத்து வச்ச பெரிய மனிசர் ஒருக்கா தூர்-த-ஃபோர் கம்பத்தடிக்கு வாங்கோ. எதிர்ப்பக்கம் நிக்கவேணும், மறந்திடாதையுங்கோ. 2018இலை எரிபொருள் வரிக்கு எதிரா மஞ்சள் அங்கி போட்டுச் சனம் றவுண்ட்அபௌட்டிலை இறங்கேக்கை, காலடியிலை மெத்ரோவும் சட்டைப்பையிலை நவிகோ எண்ட பயண அட்டையும் வச்சிருக்கிற பாரிஸ்காரர் "உவைக்கு பஸ்ஸிலை போகேலாதோ?" எண்டு கேட்டவை. போகேலாது ராசா. வந்து பார்.

கடைசியிலை ஒரு கிழவி பழைய ரெனோவை நிப்பாட்டி ஏத்தினா. ஏறின உடனை முதல் கேள்வி, "உங்களிட்டைக் கார் இல்லையோ?" மனுசி சிரிக்கத் துவங்கினா. நானும் சிரிச்சன், கண்ணாலை தண்ணி வருமட்டும் சிரிச்சன். கிழவி பயந்துபோய் ரேடியோவைக் கூட்டினா.

காவோரிலை இறங்க ரண்டு மணி அஞ்சு நிமிசம். பசி. சாப்பாட்டுக்கடை திறந்திருக்கு, மேசை விரிச்சிருக்கு, உள்ளுக்கை சனம் சாப்பிடுது. "கிச்சின் பூட்டியாச்சு மெசியே, ஏழு மணிக்குத் திறப்பம்." அஞ்சு நிமிசம்! ரண்டு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையிலை மனிசருக்குப் பசிக்கக்கூடாது எண்டு எந்தச் சட்டத்திலை எழுதியிருக்கு? ஒரு முட்டையைப் பொரிக்க எவ்வளவு நேரம்? பாணும் இல்லையோ எண்டு கேட்டன்.

ஒலிவ் இருக்காம்.