குருப்பட்டத்தோடு படிப்பு முடிவதில்லை

அண்ணை, "இறையியல் குருமாருக்கான படிப்பு, அதுவும் குருப்பட்டத்தோடு முடிந்தது; வன்னிச் சனத்துக்கு அது எதற்கு?" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பிழை.

கத்தோலிக்கருக்கு 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பையே எடுங்கள். குருப்பட்டம் பெற்ற பின்னும் குருக்கள் இறையியல் படிப்பைத் தொடர வேண்டும் என்கிறது 279ஆம் சட்டம். 229ஆம் சட்டம் பொதுநிலையினர், அதாவது குருக்கள் அல்லாத சாதாரண விசுவாசிகள், பற்றியது: திருச்சபைப் பல்கலைக்கழகங்களில் இறையியல் படித்துப் பட்டம் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு. யாரோ இரங்கிக் கொடுக்கும் சலுகை இல்லை.

சீர்திருத்த சபைகளில், ஊரில் வேலை செய்துகொண்டே படிக்கும் விரிவாக்க இறையியல் கல்வி 1963இல் குவாத்தமாலாவில் தொடங்கிவிட்டது. அதே ஆண்டுதான் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நம் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியும் எழுந்தது. அங்கே தமிழிலும் படிக்கலாம்.

சனத்துக்கு எதற்கு என்றால், சண்டைக் காலத்தில் பாதர் வரமுடியாத ஞாயிறுகளில் எங்கள் தகரக் கொட்டில் கோவிலில் வாசகம் வாசித்து விளக்கியது, குருவாக இல்லாமல் மறை கற்பிக்கும் உபதேசியார்தான். வயலுக்குப் போகும் மனிதர். ஒற்றை றூல் கொப்பியில் குறிப்பெழுதி, மழைக்கு நனையாமல் ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருப்பார். (அவருடைய பிரசங்கம் நீளம், அது வேறு கதை.) அவர் கேட்டதெல்லாம் ஒரு வகுப்பு.