எக்ஸ்ரேண்டர் காட்டும் எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம்

லினக்ஸில் எத்தனை திரைகள் இணைந்திருக்கின்றன என்று அறிய, திரைகளைப் பட்டியலிடும் எக்ஸ்ரேண்டர் கட்டளையின் வெளியீட்டில் 'கனெக்டெட்' (இணைந்தது) என்று வரும் வரிகளை, சொல் தேடும் கிரெப் கட்டளை கொண்டு எண்ணினால் போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். போதவே போதாது. 'டிஸ்கனெக்டெட்' (இணையாதது) என்பதற்குள்ளும் அதே எழுத்துகள் இருக்கின்றனவே! வெளித்திரை எதுவும் மாட்டாத மடிக்கணினியிலும், காலியாகக் கிடக்கும் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் முனைகளையெல்லாம் சேர்த்து எண்ணிவிடும். கிரெப்புக்கு முழுச்சொல்லை மட்டும் பொருத்தும் 'டபிள்யூ' விருப்பத்தைக் கொடுத்தால் அந்தத் தொல்லை தீரும்.

ஆனால் அடுத்த சிக்கல் அதனால் தீராது. எக்ஸ் என்ற பழைய வரைகலை அமைப்புக்கு மாற்றாக வந்த வேலண்டில், எக்ஸ்ரேண்டர் பேசுவது எக்ஸ் நிரல்களுக்கான இடைநிலையான எக்ஸ்வேலண்டுடன். காலி முனைகளைப் பற்றி அங்கே கேட்டுப் பயனில்லை. வரைகலைச் சூழலே இல்லாத சர்வரில் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்தால் பிழைச்செய்தி ஒன்றுதான் மிச்சம்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலையே கேட்டுவிடலாம். மூல அடைவின் கீழ் 'சிஸ்', அதற்குள் 'கிளாஸ்', அதற்குள் 'டிஆர்எம்'. அங்கே ஒவ்வொரு முனைக்கும் ஓர் அடைவும் அதில் 'ஸ்டேட்டஸ்' என்ற கோப்பும் இருக்கும். ஸ்கிரிப்டில் அதைப் படித்தால் போதும். ரூட் அனுமதிகூடத் தேவையில்லை. ஒன்று கவனியுங்கள்: அது சொல்வது திரை மாட்டப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே. அந்த முனை பயன்பாட்டில் இருக்கிறதா என்பதற்குப் பக்கத்திலேயே 'எனேபிள்ட்' என்று தனிக் கோப்பு உண்டு.