டேர்டெவில் திரும்பியது கையெழுத்தால் அல்ல

"ரசிகர்களின் மனுவில் லட்சக்கணக்கில் கையெழுத்து குவிந்ததும் நெட்ஃபிளிக்ஸ் பணிந்து டேர்டெவிலைத் திருப்பிக் கொடுத்தது" என்பது சரியல்ல. மார்வெல் நிறுவனத்தின் சூப்பர்ஹீரோவான டேர்டெவிலை வைத்து நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடர் ரத்தானது 2018 நவம்பர் இறுதியில். அதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பாத்திரங்களை வேறு தொடரிலோ படத்திலோ கொண்டுவரக் கூடாது என ஒப்பந்தத்திலேயே இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. அந்தக் கெடு 2020 நவம்பரில் தானாகவே முடிந்தது. யாரும் பணியவில்லை. அதன் பிறகுதான் டேர்டெவிலாக நடித்த சார்லி காக்ஸ் 2021 டிசம்பரில் ஸ்பைடர்மேன் படத்தில் தலைகாட்டினார். புதிய தொடர், மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் டிஸ்னி பிளஸ் தளத்தில் வர 2025 மார்ச் ஆகிவிட்டது. ரசிகர்கள் போட்ட சத்தம் வீண் என்று சொல்லவில்லை, பழைய நடிகர்களையே அழைத்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் வேறு தொடருக்கு மனு தொடங்குகிறவர்கள், பாத்திர உரிமை யாரிடம், எந்தத் தேதி வரை என்பதை முதலில் பாருங்கள். ஒளிபரப்பியவரிடமே உரிமையும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பல மனுக்கள் தவறான வாசலில் போய் நிற்கின்றன.