தேர்வுக்கு முந்தைய இரவு உறங்கினால் படித்தது அழியுமா? உண்மை விளக்கம்

“தேர்வுக்கு முந்தைய இரவு விழித்திருந்து படித்தால் பாடம் அப்படியே மனத்தில் நிற்கும், உறங்கினால் படித்ததெல்லாம் அழிந்துவிடும்” என்றொரு செய்தி, சேலத்துக் கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு.

1924-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியலாளர்கள், கல்லூரி மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்துச் சோதித்தபோது, அவ்விருவரும் விழித்திருந்த பின்பு நினைவுகூர்ந்ததைவிட உறங்கி எழுந்த பின்பே அதிகம் நினைவுகூர்ந்தனர். இருவரை மட்டும் கொண்ட சிறிய சோதனைதான் அது. எனினும், உறக்கம் நினைவை உறுதிப்படுத்துகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் பல நாட்கள் படிப்பதே நீண்டகால நினைவுக்கு உதவும் என்பதை, 2006-இல் ‘சைக்கலாஜிக்கல் புல்லட்டின்’ என்ற உளவியல் ஆய்விதழில் ஆய்வாளர் செபேடா குழுவினர் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டிய தொகுப்பாய்வில் காணலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலர் தளத்தில் தேடி எவரும் சரிபார்க்கலாம்.

கடைசி இரவுப் படிப்பு மறுநாள் சில விடைகளுக்குக் கைகொடுக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், காலையில் ஐந்து ரோடு நிறுத்தத்தில் ஜெராக்ஸ் தாள்களைக் கையில் பிடித்தபடியே கண் செருகி நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. அவர்களை உறங்கவிடாத இச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இவ்விவரத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.