துறைமுகத்தை டன்னால் மட்டும் அளக்காதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் தூத்துக்குடியிலிருந்து ஒரு செய்தி தவறாமல் வரும். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இந்த நிதியாண்டில் இத்தனை கோடி டன் சரக்கைக் கையாண்டது, போன ஆண்டைவிட இவ்வளவு சதவீதம் கூடுதல் என்று. இப்போது அது 4 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்துவதில் பெரும்பங்கு நிலக்கரிக்கு. அனல்மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி ஒரே கப்பலில் 70,000 டன் வரை இறங்கும். கன்வேயர் பெல்ட்டில் ஏறி நேராக ஆலைக்குப் போய்விடும். பொள்ளாச்சியிலிருந்து 40 அடி கன்டெய்னர் பெட்டியில் போகும் தென்னை நார்க்கட்டியோ சுமார் 25 டன்தான். அதற்குப் பின்னால் நார் ஆலை, கழுவும் தொட்டி, காயவைக்கும் களம், கட்டி அழுத்தும் இயந்திரம், லாரி, கிளியரிங் ஏஜென்ட் என்று எத்தனை பேருடைய பிழைப்பு! டன் கணக்கில் இவர்கள் யாரும் கண்ணில் படமாட்டார்கள்.

பொதுத் துறைமுகம் என்றால் யாருடைய சரக்காக இருந்தாலும், வெளியிட்ட ஒரே கட்டணப் பட்டியலின்படி, விதிப்படி இடம் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடமைதான் அதன் உயிர். 2018 மே மாதம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை மூடப்பட்டபோது தாமிரத் தாது வரத்து அப்படியே நின்றது. அந்த ஆலைக்கென்றே கட்டிய இறங்குதுறையாக இருந்திருந்தால் அன்றோடு அதற்கும் பூட்டுத்தான். உப்பு, மரக்கட்டை, உரம், முந்திரிக்கொட்டை, பின்னலாடை, காற்றாலை இறகு என்று பலருக்கும் பொதுவாக இருந்ததால்தான் தூத்துக்குடி தாங்கி நின்றது.

கரூரிலிருந்து மேசை விரிப்பும் திரைச்சீலையும் ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் பெட்டி வந்ததும் முதல் வேலை, ஒருவர் உள்ளே போய் நின்று கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்வது. இருட்டுக்குள் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம், கடலில் அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். தரைப் பலகையில் பழைய சரக்கின் வாடை இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும்; துணி வாடையை இழுத்துக்கொள்ளும். பிறகு ஏற்றுவது, மின்னணு முத்திரை இடுவது, ஷிப்பிங் பில் என்ற சுங்க ஏற்றுமதி ஆவணம், எடைச் சான்று. 2016 ஜூலை 1 முதல் உறுதி செய்யப்பட்ட மொத்த எடையைத் தராமல் எந்தப் பெட்டியும் கப்பலில் ஏறாது. சரக்குப் பட்டியலில் ஒரு எடை, எடைமேடையில் வேறு எடை என்றால் பெட்டி யார்டிலேயே நிற்கும். பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் தாண்டினால் அடுத்த கப்பல்தான்.

இதெல்லாம் சரியாக நடந்தாலும் கதை முடியவில்லை. பெட்டிகளில் பெரும்பகுதி ஃபீடர் எனும் சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஓர் இரவுப் பயணம்தான். ஆனால் ஃபீடர் சில மணி நேரம் பிந்திப் பெரிய கப்பல் கிளம்பிவிட்டால், அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்க நேரிடும். வாங்குபவர் கடையில் சீசன் தேதி மாறாது. ‘விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது’ என்பார். அந்த ஆர்டரின் லாபம் முழுக்க அதில் போய்விடும். 2023 கடைசியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது இந்தக் கணக்கு இன்னும் மோசமானது. கொழும்பை நம்பியிருப்பதன் விலை டன் கணக்கில் வராது, கரூர் விசைத்தறிகளில்தான் தெரியும்.

இறக்குமதியில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டெமரேஜ் வேறு, டிடென்ஷன் வேறு. பெட்டி, முனையத்துக்குள் இலவச நாள் தாண்டிக் கிடப்பதற்குக் கொடுப்பது முதலாவது. பெட்டியை வெளியே எடுத்துவிட்டுக் காலியாகத் திருப்பிக் கொடுக்கத் தாமதித்தால் கப்பல் நிறுவனம் வாங்குவது இரண்டாவது. சுங்கத்தில் ஒரு ஆவணம் தடைபட்டால் முதலாவது ஏறும். அவசரமாக வெளியே எடுத்து, குடோனில் இடமில்லாமல் நிறுத்தினால் இரண்டாவது தொடங்கும். பெரிய நிறுவனம் கப்பல் நிறுவனத்திடம் பேசி இலவச நாளை நீட்டித்துக்கொள்ளும். சிறியவருக்கு வெளியிட்ட கட்டணப் பட்டியலைத் தவிர வேறு துணை கிடையாது.

மிதவை ஆழம், அதாவது கப்பல் தண்ணீருக்குள் அமிழும் ஆழம் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிலக்கரி ஏற்றி வரும் பனாமாக்ஸ் ரகக் கப்பல் தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்ந்தால் 65 முதல் 70 டன் வரை கூடுதலாக ஏற்றலாம். ஒரு மீட்டர் ஆழம் குறைந்தால் சுமார் 6,500 டன்னை ஏற்றாமலே வர வேண்டும். கப்பல் வாடகை குறையாது. அந்தச் செலவு கடைசியில் மின்கட்டணத்தில் வந்து நிற்கும். இங்கே கடலடியில் பாறை இருக்கிறது, வெறும் மணலைப் போல உறிஞ்சி எடுத்துவிட முடியாது. வெட்டித்தான் ஆழப்படுத்த வேண்டும், அதனால் செலவு கூடும். தலா சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கருங்கல்லைக் கொட்டி இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டி, அதற்குள் உருவாக்கிய செயற்கைத் துறைமுகம் இது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சுவரையும் கப்பல் வரும் வாய்க்காலையும் எந்தத் தனி வணிகரும் கட்டியிருக்க மாட்டார். மக்கள் பணத்தில் கட்டியது.

அதனால்தான் உள்ளே கப்பல் அணையும் தளங்களைத் தனியாருக்குக் கொடுக்கும்போது நிபந்தனைகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன். தனியார் வரவே கூடாது என்று சொல்லவில்லை. பெட்டி முனையத்தில் கிரேன் வேகம் கூடியது உண்மை. ஆனால் முதல் முனைய ஒப்பந்தம் நல்ல பாடம். பெட்டிக்கு இவ்வளவு என்று, ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும் ராயல்டியை உயர்த்திக் கேட்டவருக்கு முனையம் போனது. அந்த ராயல்டியை முழுதாகக் கட்டணத்தில் ஏற்ற, பெருந்துறைமுகங்களுக்குக் கட்டணம் நிர்ணயித்த கட்டண ஆணையம் விடவில்லை. ராயல்டியை வருவாய்ப் பங்கீடாக மாற்ற வேண்டும் என்று முனையத்தை நடத்தியவர் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தத்தை அப்படித் திருத்தி எழுத முடியாது என்று 2021 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஏலத்தில் யார் அதிகம் தருவார் என்பதை மட்டும் பார்த்தால், சரக்கை அனுப்புபவர் நடுவில் நசுங்குவார்.

அதே 2021-ல் பெருந்துறைமுக ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய கட்டண ஆணையம் போய்விட்டது. துறைமுகம் தானே நடத்தும் தளங்களுக்குத் துறைமுக வாரியம் கட்டணம் வைக்கிறது. புதிய தனியார் பங்கேற்புத் திட்டங்களில் சந்தை நிலவரப்படி ஒப்பந்ததாரரே வைத்துக்கொள்ளலாம். சந்தையில் போட்டி இருந்தால் சரி. திருப்பூர், கரூர், மதுரைச் சரக்குக்குக் கொச்சியும் சென்னையும் போட்டி என்று காகிதத்தில் சொல்லலாம். லாரி வாடகையைக் கூட்டிப் பார்த்தால் சிவகாசிக்காரருக்கும் கோவில்பட்டித் தீப்பெட்டிக்காரருக்கும் தூத்துக்குடியை விட்டால் வேறு வாசல் ஏது?

காற்றாலை இறகையும் பாருங்கள். 75 மீட்டரைத் தாண்டும் ஒற்றைத் துண்டு. லாரி திரும்ப அகலமான வளைவு வேண்டும், அடுக்கி வைக்கப் பரந்த வெளி வேண்டும், கப்பலில் ஏற்ற இரண்டு கிரேன் ஒரே சமயத்தில், ஒரே வேகத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் சற்று முந்தினாலும் இறகு முறுகும், நடுவில் வெடிப்பு விழும். ஏக்கர் கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு, எடையில் ஒன்றுமே காட்டாத சரக்கு இது. பெட்டி அடுக்கினால் அதே இடத்தில் பல மடங்கு வருமானம் என்று கணக்குப் போடும் முனையம் இதைச் சீந்தாது. பொதுச் சரக்குத் தளம் இருப்பதால்தான் தென்மாவட்டத்திலிருந்து இது போகிறது.

பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்கின்றன. மரத்தால் கட்டிய, சில நூறு டன் கொள்ளும் கலங்கள். மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, சிமென்ட், ஜல்லி ஏற்றிப் போகின்றன. வருமானக் கணக்கில் அந்தப் பழைய துறைமுகம் ஒரு வரிகூடத் தேறாது. ஆனால் தோணியை நடத்தும் தண்டல், மாலுமி, சுமை தூக்குபவர், தச்சர், காய்கறி மண்டி என்று ஒரு வட்டாரமே அதில் ஓடுகிறது.

2024 பிப்ரவரியில் வெளித்துறைமுகப் பெட்டி முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெரிய கப்பல் நேரடியாக வந்தால் கொழும்பு மாற்றம் குறையும்; நிச்சயம் வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் சில வரிகள் இருந்தாக வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு. அதை எல்லோரும் பார்க்க இணையத்தில் வெளியிடுவது. சிறு ஏற்றுமதியாளர்களின் பெட்டிகளுக்கும் ஃபீடர் கப்பல்களுக்கும் ஒதுக்கிய தள நேரம். உள்துறைமுகத்தில் குறைந்தது இத்தனை தளங்கள் பொதுச் சரக்குக்கே என்ற உறுதி. வருவாய்ப் பங்கில் ஒரு பகுதி பழைய துறைமுகத்தைத் தூர்வாரவும், தோணிகள் அணையும் சுவரைப் பழுதுபார்க்கவும். ஏற்றுமதியாளர் சங்கங்கள், லாரி உரிமையாளர்கள், தொழிற்சங்கங்கள் இப்போதே இதைக் கேட்டு எழுதித் தர வேண்டும். கையெழுத்தான பிறகு ஒரு வரியைச் சேர்க்க என்ன பாடு என்பதற்கு முதல் முனையத்தின் வழக்குக் கட்டே சாட்சி.