வேட்டுச் சத்தத்துக்குக் குப்புறப் படுத்தவரைப் பாத்து சிரிச்சவங்களுக்கு

நம்ம ஊர் கோயில் கொடையில எடுத்த அந்த வீடியோ நேத்து ராத்திரிக்குள்ள எல்லா குரூப்புக்கும் போயிட்டு. வேட்டு போட்டதும் கையில இருந்த சாம்பார் வாளி ஒரு பக்கம் உருள, பட்டாளத்துல இருந்த அவர் குப்புற விழுந்து ரெண்டு கையாலயும் பிடரியை மூடிக்கிட்டார். "பட்டாளத்தானுக்கு இம்புட்டு பயமா"ன்னு கீழே சிரிப்பு. மனசு ஆறவே இல்லை.

அது பயம் இல்லை. குண்டு விழுற இடத்துல சட்டுனு படுத்தவன்தான் பிழைப்பான். அந்தப் பழக்கத்தை உடம்பு இன்னும் விடல. பி.டி.எஸ்.டி.ன்னு பேரு, பெரிய அதிர்ச்சி மனசுல விட்டுட்டுப் போற பாதிப்பு. 1980லயே அமெரிக்க மனநல மருத்துவர்களோட நோய்ப் பட்டியல்ல ஏறிட்டு. நோய்ங்க. வைத்தியம் இருக்கிற நோய்.

"குடிகாரருக்கு வக்காலத்தா?"ன்னு கேப்பீங்க. கேளுங்க. இந்த நோய் இருக்கிற பல பேர் குடிக்கிறதே தூக்கத்துக்குத்தான். ரம் முன்சாமத்துல கனவை அமுக்கும். போதை இறங்குன பின்சாமத்துல அதே கனவு இன்னும் மூர்க்கமா வரும். அதுக்காக வீட்டுல பாட்டிலை ஒளிச்சு வைக்காதீங்க. வருஷக்கணக்கா குடிச்சவர் ஒரே நாள்ல நிறுத்தினா ரெண்டு நாளைக்குள்ள வலிப்பு வரலாம். டாக்டர் பார்வையிலதான் நிறுத்தணும்.

"மாத்திரை தின்னா அடிமையாயிருவாங்க"ன்னு ஒரு பேச்சு. அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரைக்கு அது உண்மைதான், இந்த நோய்க்கு அந்த மாத்திரை ஆகவும் ஆகாது. இந்த நோய்க்குக் கொடுக்கிற செர்ட்ராலின் வேற, அது அடிமையாக்காது. பொதுவா 25 மில்லிகிராம்ல தொடங்கி, ஒரு வாரத்துல 50 ஆக்குவாங்க. முதல் வாரம் சிலருக்குக் குமட்டும், பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கல"ன்னு தூக்கிப் போட்டுர்றாங்க, அங்கதான் கெடுது.

மாத்திரையை விடப் பெரிய வைத்தியம், மனநல நிபுணர்கிட்ட பேசுறது. வாரம் ஒரு தடவை, ஒண்ணரை மணி நேரம், 8 முதல் 15 தடவை. கண்ணை மூடிக்கிட்டு, நடந்ததை இப்ப நடக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லணும். அதைப் பதிவு பண்ணி வீட்டுல தினம் கேக்கணும். முதல் ரெண்டு மூணு வாரம் சிலருக்குக் கனவு கூடலாம். வீட்டுக்காரங்க பதறி, "கோட்டி முத்திட்டு"ன்னு அப்பதான் நிறுத்துறாங்க. நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. மந்திரிச்சு கயிறு கட்டணும்னா கட்டிக்கோங்க, வைத்தியத்தை விடாதீங்க.

ராத்திரி அலறினா தோளைத் தொட்டு உலுக்காதீங்க. எதிரின்னு நினைச்சு கை வீசிருவார். கட்டில் கால்மாட்டுல தள்ளி நின்னு, பேரைச் சொல்லி, "நம்ம வீட்டுலதான் இருக்கீங்க"ன்னு மெதுவாச் சொல்லி, லைட்டைப் போடுங்க. இதை அவர் சம்சாரம் எத்தனை வருஷமா யாரும் சொல்லிக்கொடுக்காமலே செஞ்சிட்டு வந்திருப்பாங்களோ. அந்தம்மா போன்லயும் அந்த வீடியோ வந்திருக்குமே!

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. நேர்ல வரக் கூச்சமா இருந்தா 14416க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம்.

வீடியோவை அழிங்க. அடுத்த கொடைக்கு வேட்டு எத்தனை மணிக்குன்னு முதல் நாளே அவர் வீட்டுல போய்ச் சொல்லிட்டு வாங்க.